பொட்டியை அணைக்கும் முன்: ஐபிஎஸ் தடுத்ததா, லைன் படுத்ததா?

சாயங்காலம் ஆறே கால் மணி. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை. டின் ஏற்றிய லாரி எடைமேடையை விட்டு இறங்கி கேட்டுக்கு முன்னால் நிற்கிறது, ராத்திரிக்குள் திருச்சூர் சேர வேண்டும். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல், ஆகவே இ-வே பில் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. கணக்குப்பிள்ளை போன் போடுகிறார்.

"ஏனுங்ணா, போர்ட்டல் திறக்கவே மாட்டேங்குது. நீங்க மாட்டிட்டுப் போன அந்தப் பொட்டிதானுங்க அடைக்குது. அணைச்சுப் போடட்டுங்களா?"

அவர் சொல்வது ஐபிஎஸ் பொட்டியை, அதாவது நெட் லைனில் வருகிற தாக்குதலைத் தடுக்கிற ஊடுருவல் தடுப்புக் கருவியை. நான் பதில் சொல்வதற்குள், லைன் பொட்டியைத் தாண்டி நேராகப் போகும்படி பைபாஸில் போட்டுவிட்டார். திறக்கவில்லை. ரூட்டரை அணைத்துப் போட்டார். திறக்கவில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே கணினியில் பார்த்தார். அப்போதும் திறக்கவில்லை. "மூலையில தேதி என்னங்க காட்டுது?" என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. "2009 ஜனவரி ஒண்ணுங்ணா."

மத்தியானம் கரண்ட் போயிருக்கிறது. மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 செல் எப்போதோ செத்துவிட்டது. கணினி 2009இல் கண் விழித்துப் பார்த்தால், தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உலாவி எப்படித் திறக்கும்? தேதியைச் சரி செய்ததும் பில் வந்தது, லாரியும் போனது. பதினோரு நாள் கழித்து வேறொரு வேலையாக அங்கே போனேன். பொட்டி அப்போதும் பைபாஸில்தான் கிடந்தது. அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வாளையார், கஞ்சிக்கோடு என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் சுற்றுகிறவன் நான். எனக்கு வரும் ஐபிஎஸ் புகார்களில் பாதிக்கு மேல் ஐபிஎஸ் செய்த வேலையே இல்லை. மீதிப் பாதியில் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், நாம்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருப்போம். அதனால் பொட்டியின் மெனு வரிசைப்படி போகாமல், போனில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அதையே தலைப்பாக வைத்து எழுதுகிறேன்.

ஒரு சின்ன விளக்கம் மட்டும் முதலில். ஸ்விட்சின் மிரர் போர்ட்டில் நின்று போகிற வருகிற பேக்கெட்டின் (நெட்டில் தரவு போகிற சின்னப் பொட்டலம்) நகலைப் பார்த்துக் குறித்துக்கொள்வது ஐடிஎஸ், ஊடுருவலைக் கண்டறியும் கருவி. லைனுக்கு நடுவே உட்கார்ந்து, ஒவ்வொரு பேக்கெட்டையும் தானே வாங்கித் தானே அனுப்புவது ஐபிஎஸ். செக்போஸ்டில் வண்டி நம்பரை எழுதுகிறவருக்கும் குறுக்குக் கட்டையைத் தூக்கி இறக்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான். எழுதுகிறவர் தூங்கினால் கணக்குத்தான் விட்டுப்போகும். கட்டைக்காரர் தூங்கினால் ரோடே நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தாலே கீழே வருவதில் பாதி விளங்கிவிடும்.

பெயர் சொல்லும் இடங்களில் சூரிக்காட்டாவை வைத்தே பேசுகிறேன். 1998இல் மார்ட்டின் ரோஷ் எழுதிய ஸ்னார்ட்டும், 2010இல் முதல் நிலையான பதிப்பு வந்த சூரிக்காட்டாவும் இந்த இரண்டு வேலையையும் செய்கிற திறந்த மூல மென்பொருட்கள். விலை கொடுத்து வாங்கும் பொட்டியிலும் பெயர்கள் மாறுமே தவிர சங்கதி பெரும்பாலும் இதேதான்.

முதல் ஐந்து நிமிடம்

எந்தப் புகாரானாலும் முதலில் மூன்று கேள்வி. ஒரு கணினியா, எல்லாக் கணினியுமா? ஒரு தளமா, எல்லாத் தளமுமா? நேற்று ஓடியதா, ஓடியது என்றால் இடையில் யார் எதைத் தொட்டார்கள்? மூன்றாவது கேள்விக்கு முதல் பதில் எப்போதும் "யாருமே தொடலீங்க" என்றுதான் வரும். ரெண்டாம் தரம் கேளுங்கள்.

அடுத்தது டிராப் லாக். அலர்ட் லாக்கைச் சொல்லவில்லை. எச்சரிக்கை கொடுப்பது வேறு, பேக்கெட்டைத் தூக்கி எறிவது வேறு. சூரிக்காட்டாவின் ஈவ் ஜேசன் பதிவில் டிராப் என்று தனி வகை இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். ஏழாம் பதிப்பில் எதனால் எறிந்தது என்ற காரணமும் அதிலேயே விழும். புகார் சொன்ன கணினியின் ஐபி, புகார் வந்த நிமிடம், இந்த இரண்டையும் வைத்துத் தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பொட்டி மேல் சந்தேகம் முக்கால்வாசி போய்விட்டது.

பிறகுதான் பைபாஸ். அது ஒரு சோதனை, வைத்தியம் அல்ல. கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் போட்டுப் பாருங்கள். பைபாஸிலும் அதே கோளாறு இருந்தால் பொட்டிக்கு விடுதலை, உடனே திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு ரேக்கிலும் ஒரு தாள் ஒட்டிவிடுகிறேன்: பைபாஸில் போட்டவர், நேரம், திரும்ப எடுத்த நேரம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் என் கண்ணில் படும்.

"எல்லாம் ஓடுது, இது ஒண்ணு மட்டும் வரலை"

இதுதான் உண்மையிலேயே ஐபிஎஸ் செய்கிற சேட்டை. மீனாட்சிபுரம் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலை. முதலாளி கோயம்புத்தூர் வீட்டிலிருந்து போனில் கேமரா பார்ப்பார். பொட்டி மாட்டி ஒரு வாரம் பார்த்தார், அடுத்த வாரம் கேமரா போய்விட்டது. ஆலைக்குள்ளே எல்லாம் சரியாக ஓடுகிறது.

நடந்தது இது. லைனின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். கேமரா டிவிஆர் தன் புது முகவரியை ஒரு டைனமிக் டிஎன்எஸ் சேவைக்கு (மாறாத ஒரு பெயரை மாறுகிற முகவரியோடு கோக்கும் சேவை) அவ்வப்போது சொல்லும், முதலாளியின் போன் அந்தப் பெயரைப் பிடித்து வந்து சேரும். தீம்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதே டைனமிக் டிஎன்எஸ் பிடித்தமான விஷயம் என்பதால் எமர்ஜிங் த்ரெட்ஸ் என்ற ரூல் தொகுப்பில் (ரூல் என்பது பொட்டி எதைத் தேட வேண்டும், கண்டால் என்ன செய்ய வேண்டும் என்ற விதி) அதற்குக் குறிப்பு ரூல்கள் உண்டு. அவை தகவல் வகை. "இப்படி ஒன்று போகிறது, பார்த்துக்கொள்" என்று சொல்வதற்கு மட்டும் எழுதப்பட்டவை. பொட்டியை அமைத்தவர் எல்லா ரூலையும் ஒரே அடியாக அலர்ட்டிலிருந்து டிராப்புக்கு மாற்றிவிட்டார். டிவிஆர் கேட்ட பெயர்க் கேள்வி போய்ச் சேரவில்லை. லைன் முகவரி மாறும்வரை யாருக்கும் தெரியவில்லை. மாறிய அன்று கேமரா செத்தது.

அமைத்தவர் வேறு யாரும் இல்லை, நான்தான். தொடக்க காலம்.

ஆகவே முதல் பாடம், எல்லாவற்றையும் டிராப் ஆக்காதீர்கள். புதுப் பொட்டி என்றால் இரண்டு வாரம் அலர்ட்டில் மட்டும் ஓடட்டும். மாதக் கடைசி, சம்பள நாள், ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. அதன்பின் தீம்பொருள், துளைப்பு முயற்சி, கட்டுப்பாட்டு மையத் தொடர்பு வகைகளை மட்டும் டிராப்புக்கு மாற்றுங்கள். தகவல் வகையும் கொள்கை வகையும் அலர்ட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, ஒரு ரூல் தப்பாகத் தடுக்கிறது என்று தெரிந்தால் அந்த ரூலின் அடையாளமான எஸ்ஐடி எண்ணைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் தொடுங்கள். வகை முழுவதையும் அணைப்பது எலிக்காக வீட்டைக் கொளுத்துகிற கதை. இதில் சூரிக்காட்டாவில் ஒரு பள்ளம் உண்டு, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். சப்ரெஸ் என்று போட்டால் அலர்ட் வருவது நிற்கும், ஆனால் டிராப் ரூலாக இருந்தால் பேக்கெட்டை எறிவது நிற்காது. அதாவது தடுக்கும், தடுத்ததைச் சொல்லாது. இதைவிட மோசமான நிலை வேறு இல்லை. ரூலின் செயலையே அலர்ட்டாக மாற்றுங்கள், அல்லது அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பாஸ் ரூல் எழுதுங்கள்.

தீவன ஆலைக்கு நான் கடைசியில் செய்தது அதுவும் இல்லை. டிவிஆரை இணையத்துக்கு நேராகத் திறந்து வைப்பதே தப்பு. 2016இல் மிராய் என்ற தீம்பொருள் வாங்கும்போதே வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் பெரிய படை திரட்டியது. அந்தக் கதவை மூடி, முதலாளியின் போனில் விபிஎன் போட்டுக் கொடுத்தேன். "முந்தி ஒரே தட்டுல வந்துச்சு, இப்ப ரெண்டு தட்டு தட்டோணும்" என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறார்.

"பிங் போகுது, சின்னச் சின்னது போகுது, பெரிசு மட்டும் தொங்குது"

இது இரண்டு இடத்துக்கும் நடுவே விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு வரும் நோய். எண்ணெய் ஆலை தமிழ்நாட்டில், பேக்கிங் யூனிட் கஞ்சிக்கோட்டில், நடுவே ஒரு ஐபிசெக் சுரங்கம், அதாவது மறையாக்கிய விபிஎன் பாதை. டேலியில் லாகின் ஆகும், அறிக்கை திறந்தால் தொங்கும். கஞ்சிக்கோட்டுக் காவலாளி எனக்கே போன் போட்டு "சேட்டா, நெட் போயி" என்பார். நெட் எங்கும் போகவில்லை, பெரிய பேக்கெட் மட்டும்தான் போகவில்லை.

ஈதர்நெட் ஒரு பேக்கெட்டில் 1500 பைட் தாங்கும். பிபிபிஓஇ முறையில் வருகிற ஃபைபர் லைன் அதில் 8 பைட்டைத் தின்றுவிடும், மீதி 1492. ஐபிசெக் உறை இன்னும் கொஞ்சம் தின்னும். பேக்கெட் பெரிதாகிப்போனால் நடுவில் இருக்கிற ரூட்டர் "இது பெரிசு, சின்னதாக்கி அனுப்பு" என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் கருவிகள் கோளாறு சொல்லிக்கொள்ளும் செய்தி முறை) வகை 3, குறியீடு 4இல் திருப்பிச் சொல்லும். யாரோ பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி மொத்தத்தையும் பொட்டியில் அடைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. அனுப்புகிறவர் அதே பெரிய பேக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்.

சோதனை எளிது. துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள், தலைப்புக்கு 28 சேர்ந்து 1500 ஆகும். போகவில்லையா, 1464. அதுவும் போகவில்லையா, போகிற அளவு கிடைக்கும்வரை இறங்குங்கள். சுரங்கத்தின் வழியாகவும் இதையே செய்யுங்கள். பிறகு ஐசிஎம்பி வகை 3ஐத் திறந்துவிட்டு, சுரங்கத்தில் எம்எஸ்எஸ் அளவையும் (ஒரு பேக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) இறக்குங்கள். நான் வழக்கமாக 1350 வைப்பேன், கொஞ்சம் கஞ்சத்தனம்தான், ஆனால் மறுபடி போன் வராது.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. லினக்ஸ் பொட்டியில் நெட்வொர்க் கார்டோ லினக்ஸோ, வருகிற பேக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி மேலே கொடுக்கும். அதற்கு ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ என்று பெயர். சர்வருக்கு அது நல்லது. லைனுக்கு நடுவே உட்கார்ந்த ஐபிஎஸ்ஸுக்கு ஆகாது, ஏனென்றால் கட்டிய மூட்டையை மறுபக்கம் அப்படியே தள்ள வழியில்லை. எத்டூல் கட்டளையால் இரண்டு கார்டிலும் அவற்றை அணையுங்கள். பொட்டி ரீபூட் ஆனாலும் அணைந்தே இருக்கும்படி எழுதி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த கரண்ட் கட்டில் மறுபடியும் இதே கதை.

"பொட்டி வெச்சதுல இருந்து வேகம் பாதியாப் போச்சு"

வாங்கும்போது விவரத்தாளில் மேலே கொட்டை எழுத்தில் இருப்பது ஃபயர்வால் வேகம். ஐபிஎஸ் இயக்கினால் வருகிற வேகம் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். டிஎல்எஸ் மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னால் இன்னும் கீழே. கடைசி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வாங்கி முடித்தாகிவிட்டது என்றால் ரூலைக் குறைப்பதுதான் வழி. ஆலையில் ஆரக்கிள் கிடையாது, மெயில் சர்வர் கிடையாது, அதற்குரிய ரூல்கள் எதற்கு? பல்லாயிரம் ரூலோடு ஒவ்வொரு பேக்கெட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் சின்னப் பொட்டி மூச்சு வாங்கத்தான் செய்யும்.

புள்ளிவிவரத்தில் கெர்னல் டிராப்ஸ் (நிரல் வாங்குவதற்குள் தவறிப்போன பேக்கெட்) என்ற எண்ணைப் பாருங்கள். ஐடிஎஸ்ஸாக இருந்தால் அந்த எண் ஏறுவது, சில பேக்கெட்டைப் பார்க்கத் தவறிவிட்டோம் என்று மட்டும் அர்த்தம். நடுவே உட்கார்ந்திருக்கும்போது அதே எண் ஏறினால் அத்தனை பேக்கெட்டும் போய்ச் சேரவே இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் வேகம் படுக்கிறது என்றால் பேக்அப்பைத் தேடுங்கள். ஒரு இணைப்பு முழுவதையும் செயலியின் ஒரே கோர்தான் சுமக்கும். நாலு கோர் இருந்தும் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் தவிக்கும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். இந்த மாதிரிப் பெரிய இணைப்பைத் தொழிலில் யானை ஓட்டம் என்பார்கள். வாளையார்க்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதே இல்லை, யானை தண்டவாளத்தில் ஏறினால் பின்னால் வருகிற ரயில் எல்லாம் நிற்கும். சூரிக்காட்டா ஒரு ஓட்டத்தில் முதல் 1 எம்பியைத்தான் கோத்துப் பார்க்கும் என்பது இயல்பு அமைப்பு. அதற்குமேல் போகிற ஓட்டத்தைப் பார்க்காமல் விட்டுவிடு என்று ஸ்ட்ரீம் பைபாஸை இயக்கிவிடலாம். இந்த பைபாஸ் வேறு, பொட்டி பைபாஸ் வேறு, குழம்ப வேண்டாம்.

இதெல்லாம் இல்லாமலேயே வேகம் பாதாளத்துக்குப் போயிருந்தால் போர்ட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் 100 எம்பிபிஎஸ் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரண்டு திசையும்) என்று கையால் நிலைநிறுத்தி, மறுபக்கம் ஆட்டோவில் விட்டிருந்தால் ஆட்டோ பக்கம் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். லிங்க் பச்சை விளக்கு எரியும். சிஆர்சி பிழை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

"கரண்ட் போயிட்டு வந்தா நெட் வர மாட்டேங்குது"

இங்கே கரண்ட் போவதற்குப் பஞ்சமில்லை. கணவாய்க் காற்று ஒரு பக்கம், ஐப்பசி இடி ஒரு பக்கம். நல்ல பொட்டியில் பைபாஸ் ரிலே இருக்கும், கரண்ட் போனதும் டக்கென்று சத்தம் கேட்கும், உள்ளே வருகிற கேபிளும் வெளியே போகிற கேபிளும் நேராக இணைந்துவிடும். எண்ணெய் ஆலைக்கு அதுதான் சரி, பில் நிற்கக்கூடாது. பணம் கையாளுகிற இடமென்றால் பொட்டி செத்தால் லைனும் சாகட்டும் என்பதே சரி. இதை முதலாளியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாமாக முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

ரிலே மாறும்போது லிங்க் ஒரு நொடி அறுந்து ஒட்டும். அந்த ஒரு நொடி அரை நிமிடம் ஆவது ஸ்விட்சின் வேலை. பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் (ஸ்விட்சுகளுக்குள் பேக்கெட் சுழலாமல் காப்பது) கேட்க 15 நொடி, கற்க 15 நொடி என்று 30 நொடி போர்ட்டை நிறுத்தி வைக்கும். பொட்டியைப் பார்த்த போர்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடலாம், ஆனால் மறுபக்கம் இன்னொரு ஸ்விட்ச் இல்லை என்று உறுதி செய்துகொண்டு. ஸ்விட்ச் இருந்தால் இரண்டையும் வேகமான ஆர்எஸ்டிபிக்கு மாற்றுங்கள்.

பைபாஸில் லிங்கே வரவில்லையா? ரிலே மாறிய பின் இரண்டு பக்கத்துக் கருவிகளும் நேருக்கு நேர் பேச வேண்டும். வேகத்தைக் கையால் நிலைநிறுத்திய போர்ட்டுகளில் கேபிள் வகைக்குத் தானே ஒத்துப்போகிற ஆட்டோ எம்டிஐஎக்ஸ் பல நேரம் வேலை செய்யாது, அப்போது நேர் கேபிள், குறுக்குக் கேபிள் என்ற பழைய கணக்கு திரும்ப வந்துவிடும். அதனால் புதுப் பொட்டியை ரேக்கில் மாட்டியதும் நான் முதலில் செய்வது, அதை இயக்காமல் வைத்தே நெட் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான். இயக்கிப் பார்க்க எல்லோருக்கும் தோன்றும், இயக்காமல் பார்க்க யாருக்கும் தோன்றாது.

ரிலே இல்லாத சாதாரணக் கணினியில் சூரிக்காட்டா ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏஎஃப் பேக்கெட் முறையில் அந்த நிரல்தான் பாலம், நிரல் விழுந்தால் பாலமும் விழும். லினக்ஸ் ஃபயர்வால் பேக்கெட்டை நிரலிடம் கொடுத்துக் கேட்கிற என்எஃப்கியூ முறையில் கியூ பைபாஸ் குறியைப் போட்டிருந்தால் நிரல் விழுந்தாலும் பேக்கெட் போகும்.

இடிக்கு ஒரே மருந்து, கட்டடத்துக்குக் கட்டடம் தாமிரக் கேபிள் இழுக்காமல் ஃபைபர் இழுப்பது. எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே தாமிரம் போட்ட இடங்களில் ஐப்பசி தாண்டுவதற்குள் ஒரு போர்ட்டாவது கருகும்.

"அப்டேட் போட்டப்புறம் எல்லா இணைப்பும் அறுந்துபோச்சு"

2023இல் வந்த சூரிக்காட்டா ஏழாம் பதிப்புக்கு மாறியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஐபிஎஸ்ஸாக ஓடும்போது, தொடக்கம் தெரியாமல் நடுவிலிருந்து பார்க்க நேர்ந்த இணைப்பை அந்தப் பதிப்பு இயல்பாகவே எறிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த எல்லாமே அதற்கு நடுவிலிருந்து பார்த்தவைதான். டேலி, விபிஎன், பயோமெட்ரிக் எல்லாம் ஒருமுறை விழுந்து எழுந்திருக்கும். எழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள், ரீஸ்டார்ட்டை இரவுக்கு வையுங்கள் போதும். அமைப்புக் கோப்பில் எக்ஸெப்ஷன் பாலிசி என்ற வரியில் இதைத் தளர்த்தவும் முடியும்.

எழுந்திருக்கவே இல்லையென்றால் வேறு வியாதி, அது எல்லையோரத்துக்கே உரியது. இங்கே பலர் தமிழ்நாட்டு லைன் ஒன்று, கேரள லைன் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறார்கள், ஒன்று போனால் இன்னொன்று. இரண்டிலும் சுரங்கம். ஆலையிலிருந்து போகிற பேக்கெட் ஒரு சுரங்கத்திலும், கஞ்சிக்கோட்டிலிருந்து வருகிற பதில் இன்னொரு சுரங்கத்திலும் போனால், ஒரு லைனில் மட்டும் உட்கார்ந்திருக்கிற பொட்டிக்குப் பாதிப் பேச்சுத்தான் காதில் விழும். அதற்கு அது சந்தேகமாகத்தான் தெரியும். லாக்கில் 2210 என்று தொடங்கும் ஸ்ட்ரீம் எஸ்ஐடிகள் குவிந்திருந்தால் இதுதான். ரூலைத் தொடாதீர்கள். ரூட்டிங்கைச் சரி செய்யுங்கள், அல்லது இரண்டு லைனும் சேர்கிற இடத்துக்கு உள்ளே பொட்டியை நகர்த்துங்கள்.

"ஒரு பிரச்சினையும் இல்லீங்க, லாக் சுத்தமா இருக்கு"

யாரும் இதைப் புகாராகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். எண்ணெய் ஆலையில் பதினோரு நாள் லாக் சுத்தமாக இருந்தது, கணக்குப்பிள்ளைக்கு ரொம்பத் திருப்தி. பைபாஸில் கிடந்தால் சுத்தமாகத்தான் இருக்கும்.

பைபாஸ் இல்லையென்று பார்த்த பின், ஒரு கணினியில் உலாவியைத் திறந்து டெஸ்ட்மைநிட்ஸ் தளத்தின் சோதனைப் பக்கத்துக்குப் போங்கள், முகவரி எஸ் இல்லாத வெறும் எச்டிடிபியாக இருக்க வேண்டும். ரூட் பயனர் எண் பூஜ்யம் என்ற ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் 2100498 என்ற எஸ்ஐடி அலர்ட் விழ வேண்டும். விழுந்தால் கண் தெரிகிறது. விழவில்லையென்றால் தேட வேண்டியவை இவை. ரூல் கோப்பு தரவிறங்கி வந்து, நிரல் அதைத் திரும்பப் படிக்காமல் இருக்கலாம். விளான் (ஒரே கேபிளில் பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்) குறியோடு வருகிற லைனில் பொட்டிக்கு விளான் சொல்லப்படாமல் இருக்கலாம். மிரர் போர்ட்டில் வருகிற திசை மட்டும் நகலாகலாம்.

சோதனை அலர்ட் விழுந்தும் மற்றவை விழவில்லையா? ஹோம் நெட்டைப் பாருங்கள், உள் முகவரிகள் எவை என்று பொட்டிக்குச் சொல்கிற அமைப்பு அது. பெரும்பாலான ரூல்கள் வெளியே இருந்து ஹோம் நெட்டுக்கு வருவதை, அல்லது அங்கிருந்து வெளியே போவதை மட்டும்தான் பார்க்கும். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு இடத்தில் உள் முகவரிகள் எல்லாம் 192.169 என்று இருந்தன. யாரோ எப்போதோ 168க்குப் பதில் 169 அடித்துவிட்டார்கள், நெட் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. ஹோம் நெட்டில் 192.168 என்றே இருந்ததால் பொட்டியைப் பொறுத்தவரை ஆலையே வெளிநாடு. வெளியிலிருந்து வெளிக்குப் போகிறது என்று எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஓடுவதில் பெரும்பகுதி மறையாக்கத்தில் ஓடுகிறது. சீல் வைத்த கண்டெய்னர் மாதிரி, எங்கே போகிறது என்ற பலகை தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே பெயர்க் கேள்விகளும் முகவரிப் பட்டியல்களும்தான் சின்ன இடங்களில் அதிகம் பிடித்துக் கொடுக்கின்றன.

"லாக் கொட்டுது, யார்னே தெரியலை"

பொட்டி ரூட்டருக்கு வெளியே இருக்கிறது. அங்கே நின்றால் இணையத்திலிருந்து கதவைத் தட்டுகிற ஒவ்வொரு ஸ்கேனரும் அலர்ட், உள்ளே இருக்கிற நாற்பது கணினியும் ஒரே பொது முகவரி. உள்பக்கம் கொண்டு வாருங்கள். சத்தமும் அடங்கும், எந்தக் கணினி என்றும் தெரியும்.

"ஒரே கணினி, நூறு முகவரி, 445"

இது மட்டும் போனில் பேசிக்கொண்டிருக்கிற விஷயம் இல்லை. உள்ளே இருக்கிற ஒரு கணினி சில நொடிக்குள் வரிசையாகப் பல முகவரிகளின் 445ஆம் போர்ட்டை (விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான கதவு) தட்டுகிறது என்று லாக் சொன்னால் அது ஃபைல் பகிர்வு இல்லை. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 திருத்தத்தை வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 12இல், அதைப் போடாத கணினிகளுக்குள் வானாகிரை என்ற பணயத் தீம்பொருள் நுழைந்தது. அந்தக் கதவு இன்னும் பல ஆலைகளில் திறந்தே கிடக்கிறது, பெரும்பாலும் எடைமேடைக் கணினியில். எடை மென்பொருள் விண்டோஸ் 7இல்தான் ஓடும் என்பார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது.

பொட்டி பிடித்துவிட்டதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரே ஸ்விட்சில் இருக்கிற இரண்டு கணினிகள் தங்களுக்குள் பேசுவது வாசலில் உட்கார்ந்த பொட்டிக்குத் தெரியவே தெரியாது. சுரங்கம் வழியாகக் கஞ்சிக்கோட்டைத் தட்டியதால்தான் நமக்குத் தெரிந்தது. உள்ளே எத்தனை பேரை ஏற்கெனவே தட்டி முடித்ததோ.

கணினியை அணைக்காமல், நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். நினைவகத்தில் இருக்கிற தடயம் கரண்ட்டோடு போய்விடும். பொட்டியின் லாக்கை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய சம்பவத்தைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்கள் தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். பொட்டி ஒரு நேரமும் கணினி ஒரு நேரமும் காட்டினால் எது முதலில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 2009 கணினியை நினைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப இணைக்கும்போது எடைமேடைக்குத் தனி விளான் கொடுங்கள். அது பேச வேண்டியது பில் போடுகிற ஒரு கணினியோடு, ஒரு போர்ட்டில், அவ்வளவுதான். இணையம் அதற்கு எதற்கு? அந்த விளானுக்கும் மற்றதற்கும் நடுவே போகிற எல்லாம் பொட்டி வழியாகப் போகும்படி வைத்தால், முன்பு கண்ணுக்குத் தெரியாத உள் போக்குவரத்தில் ஒரு துண்டாவது இப்போது தெரியும்.

எண்ணெய் ஆலையில் இந்தத் தனி விளானைப் போட்டு முடிக்க ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் கணக்குப்பிள்ளை எடைச் சீட்டைக் கையால் எழுதினார், கார்பன் தாள் வாங்க ஆள் கொழிஞ்சாம்பாறை வரை போய் வந்தான். ரேக்கில் ஒட்டிய தாளில் இப்போது மூன்று கட்டமும் அவர் கையெழுத்தில் நிரம்பியிருக்கிறது.